இருபத்திரண்டு வெள்ளைப் பக்கங்கள்

ஏழாம் பக்கத்தில் நீர்வண்ணம் நிற்க மாட்டேன் என்றது. தூரிகையால் ஒரு நீலக் கோடு இழுத்தால் இரண்டு நொடிக்கு அது கோடாக இருந்தது. பிறகு மனம் மாறி, துளித்துளியாகப் பிரிந்து, வியர்த்த நெற்றி மாதிரி பக்கத்தின் மேல் பூத்து உட்கார்ந்தது.

'செக்கிங்' மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'நீர்வண்ணம். ஒட்டவில்லை. தோல்வி.'

செக்கிங் என்ற பெயர் அவருக்குப் பூட்டுத் தொழிற்சாலையில் வந்தது. முப்பத்தோரு வருடம் அங்கே தரம் பார்ப்பவராக இருந்தார். பூட்டு, திற, குலுக்கு, கீழே போடு, மறுபடி பூட்டு, மறுபடி திற. ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கைக்கடிகாரத்தைக்கூட நாலு தடவை கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் நன்றி சொன்னார். பெயர் அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மைத்துனி முகத்துக்கு நேரே 'அத்தான்' என்பாள், முதுகுக்குப் பின்னால் 'செக்கிங்' என்பாள்.

ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம், வீட்டுக் கதவுகளின் கீல்களை எல்லாம் சோதித்து முடித்து அவர் அடுப்பின் பக்கம் திரும்பியபோது, மனைவியே அவரைச் சனிக்கிழமை ஓவிய வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

"தினமும் ஒரு நோட்டுல ஏதாவது வரைங்க" என்றாள் அங்கே டீச்சர். "புது நோட்டுதான் வேணும்னு இல்ல. பழைய டைரி, எழுதின நோட்டு, எது கிடைச்சாலும் சரி. சுவருக்கு பிரைமர் அடிக்கற மாதிரி பக்கத்துக்கு ஜெஸ்ஸோ அடிச்சுடுங்க. வெள்ளைப் பூச்சுதான். கீழ என்ன இருந்தாலும் மூடிடும். உங்க கலரு, பேனாவெல்லாம் அதுமேல எப்படி நிக்குதுன்னு ஒரு பக்கத்துல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு வரைய ஆரம்பிங்க."

மற்றவர்கள் காதில் 'வரைய ஆரம்பிங்க' விழுந்தது. செக்கிங் காதில் 'டெஸ்ட்' மட்டும் விழுந்தது.

ஒரு பக்கமாம்! ஒரு பக்கத்தில் எதைச் சோதிப்பது? ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்று கணக்கிட்டு, இருபத்திரண்டு பொருள்களை வாங்கி வந்தார். அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய போர்வைகளுக்கு அடியில், கறுப்பு அட்டை போட்ட கனமான நோட்டு ஒன்று கிடைத்தது. முதலிலும் கடைசியிலும் காலிப் பக்கங்கள். நடுவில் மட்டும் மனைவியின் கையெழுத்து. மேலே தேதி, கீழே நாலைந்து வரி.

சமையல் குறிப்பாக இருக்கும் என்று முடிவுகட்டினார். நூறு பூட்டு வந்தால் நாலையாவது கையில் எடுத்துப் பார்த்த மனிதர், இங்கே ஒரு வரியைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. எழுதிய பக்கத்தில் பூசினால் பூச்சின் மூடும் சக்தியையும் சேர்த்துச் சோதிக்கலாமே, காலிப் பக்கத்தை எதற்கு வீணாக்குவது என்றுதான் அவர் புத்தி போனது. எழுத்து இருந்த பக்கங்களும் எண்ணினால் சரியாக இருபத்திரண்டே இருந்தன; அத்தனைக்கும் இரண்டு கை வெள்ளை அடித்தார். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் மெழுகுத்தாள் வைத்தார். வேலை சுத்தமாக இருந்தது. ஓர் எழுத்து வெளியே தெரியவில்லை. மனசுக்குள் பூச்சுக்கு நூற்றுக்கு நூறு போட்டார்.

திங்கட்கிழமை காலை சோதனை தொடங்கியது. கலர் பென்சில், பூச்சின் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு அழகாக ஏறியது: தேர்ச்சி. மெழுகுக் கிரேயான்: தேர்ச்சி. பால்பாயிண்ட் பேனா வழுக்கிக்கொண்டு போனது: சுமார். மை பேனா பத்து நிமிடம் கழித்தும் விரலில் ஒட்டியது: தோல்வி. மார்க்கரின் மூக்கு அடைத்துக்கொண்டது: தோல்வி. அக்ரிலிக்: பிரமாதம். ஏழாவதாக வந்தது இந்த நீர்வண்ணம்.

டீச்சருக்கு ஃபோன் போட்டார்.

"ஏழாம் பக்கத்துல தண்ணி கலர் நிக்கல டீச்சர்."

"ஏழாம் பக்கமா? சார், நீங்க இன்னும் எதுவும் வரையலையா?"

"டெஸ்டிங்ல இருக்கேன்."

டீச்சர் பெருமூச்சு விட்டது ஃபோனில் தெளிவாகக் கேட்டது. "உப்புத்தாள் வெச்சு லேசா தேய்ச்சுப் பாருங்க சார். லேசா."

தொழிற்சாலையில் 'லேசா' என்று ஓர் அளவு கிடையாது. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று நன்றாகவே தேய்த்தார். வெள்ளைப் பொடி பறந்தது. பொடியை ஊதினார். பக்கத்தின் நடுவில் நீலமாக ஓர் எழுத்து எட்டிப் பார்த்தது. 'கே.'

இன்னும் கொஞ்சம் தேய்த்தார்.

'இன்றும் அவர் கேட்கவில்லை.'

செக்கிங் அந்த வரியை மூன்று முறை படித்தார். எந்தச் சமையல் குறிப்பிலும் இப்படி ஒரு வரி வராது. வீட்டில் அவள் 'அவர்' என்று சொல்வது ஓர் ஆளைத்தான். அந்த ஆள் இப்போது கையில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்தார்.

என்ன கேட்கவில்லை? எதைக் கேட்டிருக்க வேண்டும்?

அடுத்த பக்கத்தில் பதில் இருக்கும் என்று எட்டாம் பக்கத்தைத் தேய்த்தார். அவசரத்தில் பக்கம் கிழிந்தது. கிழிசலின் ஓரத்தில் 'ஒரு வார்த்தைகூட' என்று மட்டும் மிச்சம் இருந்தது.

தேய்த்தால்தானே கிழியும் என்று ஒன்பதாம் பக்கத்தில் ஈரப் பஞ்சை வைத்தார். வெள்ளை அசையவில்லை. அதற்குள் பின்பக்கத்தால் புகுந்த தண்ணீர் தாளை உப்பவைத்து, ஈரத்தில் கிடந்த அட்டைப்பெட்டி மாதிரி ஆக்கிவிட்டது.

பத்தாம் பக்கத்துக்கு மனைவியின் மேசையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்துவந்தார். அது வேலை செய்தது. வெள்ளை கரைந்து வந்தது. கூடவே எழுத்தும் கரைந்து வந்தது. கடைசியில் பக்கத்தில் ஒரு நீல மேகம்தான் நின்றது.

"என்னங்க இது, வீடு பூரா நாத்தம்?" சமையலறையிலிருந்து அவள் குரல்.

"டெஸ்டிங்!"

"ஜன்னலையாவது திறந்து வெச்சுட்டு டெஸ்ட் பண்ணுங்க."

அவர் ஜன்னலைத் திறந்தார். பிறகு, சூடு பட்டால் பூச்சு இளகும் என்று ஒரு யோசனை வந்தது.

"ஏம்மா, இஸ்திரிப் பெட்டி எங்க?"

"படம் வரையறதுக்கு இஸ்திரிப் பெட்டியா?"

"பக்கம் சுருங்கிருக்கு."

அதில் பொய் இல்லை. பதினோராம் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததும் பூச்சு இளகியது. இளகிய பூச்சு மெழுகுத்தாளை இழுத்துக்கொள்ள, மெழுகுத்தாள் பன்னிரண்டாம் பக்கத்தை இழுத்துக்கொள்ள, இரண்டு பக்கமும் ஜென்மத்துக்கும் பிரியாதபடி ஒன்றானது. ஓர் ஓரத்தை மட்டும் உரிக்க முடிந்தது. அதில் வந்தது மூன்று சொல்: 'எத்தனை நாள் தாங்குவேன்.'

செக்கிங் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் அவர் என்னென்ன கேட்டிருக்கிறார்? யோசித்துப் பார்த்தார். 'கதவைப் பூட்டினியா?' கேட்டிருக்கிறார், தினமும். 'என் கண்ணாடி எங்க?' கேட்டிருக்கிறார். 'மழை வருமா?' என்றுகூடக் கேட்டிருக்கிறார், ஏதோ வானம் அவள் இடுப்பில் செருகியிருக்கிற சாவி மாதிரி. அவளைப் பற்றி அவளிடம் கேட்ட ஒரு கேள்விகூட ஞாபகம் வரவில்லை. எப்போதோ, அவள் ஆபீஸ் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு சாயங்காலம், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல், செருப்போடு கட்டில் ஓரத்தில் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் கேட்டதும் ஞாபகம் வந்தது. 'கதவைப் பூட்டினியா?'

பூட்டினேன் என்றுதான் அவள் சொன்னாள்.

மறுபடி டீச்சருக்கு ஃபோன் போட்டார்.

"டீச்சர், பூசினதை எடுக்க என்ன வழி?"

"எடுக்க முடியாது சார். ஒருதடவை மூடினா மூடினதுதான். ஏன், அடியில ஏதாவது முக்கியமா இருந்துச்சா?"

"தெரியல" என்றார் செக்கிங். "படிக்காமயே மூடிட்டேன்."

"பரவாயில்ல சார்" என்றாள் டீச்சர், பரவாயில்லை என்று தோன்றாத குரலில்.

எடுக்க முடியாது என்றால் ஈடு செய்ய வேண்டும். கேட்காததுதானே குறை? இன்றிலிருந்து கேட்டுவிட்டால் போகிறது. எதைக் கேட்கவில்லை என்று தெரியாததால், எல்லாவற்றையும் கேட்பது என்று முடிவு செய்தார்.

சமையலறை வாசலில் போய் நின்றார்.

"இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி பதினொண்ணுதாங்க ஆகுது."

"இதுவரைக்கும் எப்படிப் போச்சுன்னு கேட்டேன்."

"போச்சு."

"உனக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"முப்பத்து மூணு வருஷம் கழிச்சு சும்மாவா?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "டாக்டர்கிட்ட போனீங்களா? ரத்தப் பரிசோதனை ஏதாவது வந்துச்சா?"

"இல்லையே."

"நெஞ்சு வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்கு வலிக்குதா?"

"எனக்கெதுக்கு வலிக்கணும்?"

"கேக்கறேன்."

'கேக்கறேன்' என்ற சொல்லில் அவள் முகம் கொஞ்சம் மாறியது. அதை அவர் கவனித்தார். வழி சரிதான், மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடும்போது உப்பு சரியாக இருக்கிறதா என்று அவளைக் கேட்டார். சமைத்தவளை யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பதால் அவள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். சின்ன வயதில் என்ன ஆக ஆசைப்பட்டாள், கனவு வருமா, வந்தால் அதில் யார் வருகிறார்கள் என்றெல்லாம் கேட்டார். அவள் பதில்கள் வரவரச் சுருங்கிக்கொண்டே போயின. நாலு மணிக்கு அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் நின்று, முடிந்தவரை மென்மையாகக் கேட்டார்.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா நீ? ரொம்ப நாளா சொல்லாதது ஏதாவது?"

கரண்டி தொட்டியில் விழுந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு வழியாக அவள் ஃபோன் பேசுவது கேட்டது. தங்கையிடம்தான்.

"ஆமாடி, கேக்க ஆரம்பிச்சுட்டாரு... காலையிலேர்ந்து... இல்ல, நேரா இல்ல, சுத்திச்சுத்திக் கேக்கறாரு... எனக்குக் கை கால் ஓடல. நாளைக்கு வர்றியா?"

செக்கிங் சுவரில் சாய்ந்தார். ஒரு மனிதன் பெண்டாட்டியிடம் நாலு கேள்வி கேட்டதற்கு, அவள் ஆள்படை கூப்பிடுகிற அளவுக்கு ஆகியிருக்கிறது. அப்படியானால் இத்தனை வருடம் அவர் எப்படி இருந்திருக்க வேண்டும்?

மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துப் பார்த்தார். பதினைந்தாம் பக்கத்தில் தாளின் பின்னாலிருந்து எழுத்துகள் இடம் வலம் மாறி, மங்கலாகத் தெரிந்தன. நிலைக்கண்ணாடி முன்னால் கொண்டுபோய்ப் பிடித்து, ஒரு மணி நேரம் போராடி, எழுத்துக்கூட்டிப் படித்தார். 'என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.'

அதற்குமேல் அவரால் எதையும் பிடித்துப் பார்க்க முடியவில்லை. பூட்டு பழுதென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். அதை அவர் ஆயிரம் முறை செய்திருக்கிறார். தன்னை எங்கே திருப்பி அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டிக்கொண்டு போய் எதிரில் நின்றார்.

"இது..."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையின் ஒரு கை அப்படியே தொங்கியது.

"இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"அலமாரியில. சமையல் குறிப்புன்னு நெனச்சு வெள்ளை அடிச்சுட்டேன்."

அவள் வாங்கிப் புரட்டினாள். வெள்ளை. வெள்ளையின் மேல் சிவப்புக் கிரேயான். 'தேர்ச்சி.' ஒரு கிழிசல். ஒரு நீல மேகம். 'தோல்வி.' ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் அவசரப்படாமல் புரட்டினாள். அதுதான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தால் தேவலை.

"படிச்சீங்களா?" தலை நிமிராமலே கேட்டாள்.

செக்கிங் வாயைத் திறந்தார். நாலு துண்டு வரி படித்தேன் என்பதுதான் உண்மை. ஆனால் மனைவி எழுதியதைப் படிக்காமலே வெள்ளை அடித்தவன் என்பது, படித்தவன் என்பதைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது.

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவள் கண் நிறைந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நோட்டை மூடினாள்.

"சரி விடுங்க. உங்களுக்குத் தெரியாதது அதுல என்ன இருக்கு?"

இதைவிடக் கூர்மையாக ஒரு பெண் கணவனைக் குத்த முடியாது என்று செக்கிங் நினைத்தார். அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வராமல் சாத்தினாள். முப்பத்தோரு வருடம் கதவுப் பூட்டுகளோடு பழகியவருக்கு, அடித்துச் சாத்தும் கதவுகூட அவ்வளவு பயத்தைத் தந்ததில்லை.

அரை மணி நேரம் கழித்து அழைப்பு மணி அடித்தது. மைத்துனி.

அவள் வாய்க்கு ஊரே பயப்படும். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

"தப்பு என்மேலதான்" என்றார். "நீ எதுவும் சொல்ல வேண்டாம். நான் கேட்டிருக்கணும். ஒருதடவையாவது கேட்டிருக்கணும்."

மைத்துனி பையைக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. அதுவே அவருக்குப் புதிதாக இருந்தது.

"கேட்டிருந்தா அக்கா அன்னைக்கே உடைஞ்சுபோயிருப்பா அத்தான்."

"என்னைக்கு?"

"ஆபீஸ்ல அவளை வேலையைவிட்டு எடுத்தாங்களே, அன்னைக்கு. வீட்ல எப்படிச் சொல்றதுன்னு கூனிக்குறுகிப்போயிட்டா. தினமும் காலையில பையை மாட்டிக்கிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பி, நூலகத்துல போய் உக்காந்துட்டு, சாயங்காலம் ஆபீஸ் விடற நேரத்துக்கு வீட்டுக்கு வருவா. எட்டு மாசம்! அங்க உக்காந்து எழுதினதுதான் அந்த நோட்டு. அப்புறம் முட்டி வலின்னு உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு வீட்டோட இருந்துட்டா. இத்தனை வருஷம் கழிச்சு நேத்து நீங்க திடீர்னு கேக்க ஆரம்பிச்சதும் பாவம், பயந்துட்டா. இன்னைக்கு நீங்க எல்லாத்தையும் படிச்சுட்டீங்கன்னு தெரிஞ்சதும், இப்பதான் ஃபோன்ல ஒரே அழுகை."

முட்டி வலி என்றுதான் செக்கிங்குக்கும் தெரியும். அதற்கு ஒரு தைலம்கூட வாங்கிக் கொடுத்திருக்கிறார். எட்டு மாதமா? எந்த எட்டு மாதம்? அந்தக் கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே அதை விழுங்கிக்கொண்டார்.

மைத்துனி சட்டென்று குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தெரிஞ்சும் தெரியாத மாதிரி, அவ மனசு நோகக் கூடாதுன்னு ஒருநாள்கூட வாயைத் திறந்து கேக்காம இருந்தீங்களே அத்தான், அந்த நோட்டு பூரா அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லித்தானே எழுதியிருந்தா!"